குப்பியின் இரண்டு சீட்டு வண்டி

அத்தாவின் தங்கை கோயமுத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கூரையை மடித்துவிட்ட ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பேச்சில் அப்பாவை அத்தா என்போம், அத்தாவின் தங்கையைக் குப்பி என்போம். வண்டியில் இரண்டே சீட்டு. ஒன்றில் குப்பி. இன்னொன்றில் ஒரு சூட்கேஸ், அதற்கும் பெல்ட் போட்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெட்டிக்கு எதற்குப் பெல்ட் என்று கேட்டேன். வளைவில் தன் மேல் சாய்ந்துவிடுகிறது என்றார். அவர் ஏன் வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் வண்டியைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் புதுநகரத்தில், மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ரோட்டில் எங்கள் வீடு. அதே ரோட்டில் அத்தாவுக்கு மாட்டுத் தீவனக் கடை. அந்த ரோட்டில் அப்படி ஒரு வண்டி அதற்கு முன்னால் வந்ததில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் நினைத்ததுபோல அது வெளிநாட்டு வண்டியும் இல்லை. இந்தியாவிலேயே யாரோ கொஞ்ச காலம் செய்து பார்த்துவிட்டு நிறுத்திய வகை என்று மெக்கானிக் சொன்னார். உடம்பு தகரம் இல்லை, ஃபைபர். தட்டினால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவதுபோலக் கேட்கும். கூரை கான்வாஸ் துணி. இரண்டு கொக்கிகளைக் கழற்றிப் பின்னால் மடித்துவிடலாம். குப்பியின் கணவர், எனக்கு மாமா, கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டவென்று அதை வாங்கி, ஏதோ வரி வசதிக்காகக் குப்பியின் பெயரில் பதிந்து வைத்திருந்தாராம். மற்ற நாட்களில் அது உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் நிற்கும். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, தன் பெயரில் இருக்கிற ஒரே பொருள் என்று குப்பி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

குப்பி ஃபிசியோதெரபி படித்தவர். பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு விட்டிருந்ததை இங்கே வந்ததும் மறுபடியும் தொடங்கினார். காலையில் எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு கிளினிக். மாலையில் கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் வீடு வீடாகப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் பார்க்க முடியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய வண்டி திங்கள் முதல் சனி வரை ஓடியது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்றது.

அத்தாவுக்கு இதில் பெரிய சம்மதம் இல்லை. ஆனால் அவர் தங்கையிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசத் தெரியாதவர். கடைசியில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். மாலை நேரத்தில் தனியாகப் போக வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்றார். அப்படித்தான் இரண்டாவது சீட்டு எனக்குக் கிடைத்தது. என் மேல் உள்ள பிரியத்தில் அத்தா வாங்கிக் கொடுத்த சீட்டு அது என்று நான் நம்பினேன்.

பார்க்கிறவர்களுக்குத்தான் அது சொகுசு வண்டி. உள்ளே உட்கார்ந்தால் நம் முகமும் ரோட்டில் போகும் ஆட்டின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் எங்கள் மடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். ஸ்கூல் முன்னால் இருந்த வேகத்தடையில் அடி தட்டும் என்பதால் நான் இறங்கி நடந்து போய் அந்தப் பக்கம் ஏறிக்கொள்வேன். வைக்கோல் லாரிக்குப் பின்னால் போனால் வீட்டுக்கு வந்து தலையிலிருந்து வைக்கோல் எடுக்க வேண்டும். மீன் லாரிக்குப் பின்னால் போனால் குளிக்கவே வேண்டும். கான்வாஸ் கிழிந்தபோது அந்தத் துணி எங்கேயும் கிடைக்காமல், லாரிக்குத் தார்பாய் தைக்கும் கடையில் கொடுத்தோம். அவர்கள் கையில் இருந்த நீலத் தார்பாயை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரும், நோயாளிகள் பிடித்து நடக்கும் ஒரு வாக்கரும் வைத்தால் அதற்கு மேல் ஒரு தேங்காய்க்கும் இடம் கிடையாது.

ஊருக்குள் குப்பி கூரையை மூடித்தான் ஓட்டுவார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, முக்காட்டை ஊசி குத்தி இறுக்கிக்கொள்வார். ஆளுக்கொரு கொக்கியைக் கழற்றுவோம். அங்கிருந்து வலது பக்கம் நெல்லியாம்பதி மலை கூடவே வரும். குப்பி அதிகம் பேச மாட்டார். நான் பேசுவேன்.

மாங்காய் சீசன் முடிகிற சமயத்தில், எனக்கு ஸ்கூல் லீவு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாமா வந்தார். குப்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று அம்மா பிரியாணி கிளறிக்கொண்டே சொன்னார். வாடகைக் காரில் வந்தவர், திரும்பும்போது நம்ம வண்டி இருக்கிறதே என்று அந்தக் காரை வாசலிலிருந்தே அனுப்பிவிட்டார். பிறகு வீட்டுக்குள் வராமல் கொட்டகைக்குப் போய்ச் சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீல ஒட்டை விரலால் தடவினார். காலடியில் கிடந்த வைக்கோலைக் குனிந்து எடுத்தார். குப்பி கதவோரம் வந்து ஸலாம் சொன்னார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“வண்டிய என்ன கோலம் பண்ணி வெச்சிருக்கே?”

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு நடந்தது. பள்ளிவாசல் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரும் வந்திருந்தார். மாமா கெட்டவர் போலப் பேசவில்லை. நடந்ததை மறந்துவிடலாம் என்றார். ஊரார் கையையும் காலையும் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், மற்றபடி எந்தக் குறையும் இருக்காது என்றார். வண்டியை அங்கே கொண்டுபோய் நல்ல இடத்தில் விட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றும் சொன்னார். பெரியவர் உள்ளே போய்க் குப்பியிடம் கேட்டுவரச் சொன்னார். அம்மா போய்க் கேட்டார். குப்பி ஒன்றும் சொல்லவில்லை என்று வந்து சொன்னார். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் பெரியவர். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. அத்தா மட்டும் தட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்புவது என்று ஆயிற்று. மாமாவே கொக்கிகளைக் கழற்றிக் கூரையை மடித்தார். திறந்த வண்டியில் போவதுதான் அவருக்குப் பிடிக்கும். அம்மா அடுக்கிக் கொடுத்த சூட்கேஸ் டிக்கிக்குள் போகவில்லை. மடித்த கான்வாஸின் மேல் வைத்துத் தீவன மூட்டை கட்டும் கயிற்றால் கட்டினார்கள். அதுவரை எனக்கு எதுவும் புரியவில்லை. பெட்டி கட்டப்பட்டதும் புரிந்தது. மாமா ஒரு சீட்டு, குப்பி ஒரு சீட்டு. நான் ஓடிப்போய் என் சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வந்து கூப்பிட்டார். மாமா சாக்லேட் வாங்கித் தருகிறேன் என்றார். இழுத்துப் பார்த்தார்கள். நான் இரண்டு காலையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டேன். அடுத்த லீவுக்கு வந்து உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாமா தணிந்த குரலில் சொன்னார்.

“நான் எங்க உக்காருவேன்?” என்று கேட்டேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். என் பிடிவாதத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். அத்தனை நேரமும் வாசல் நிலையில் நின்றிருந்த குப்பி அப்போதுதான் இறங்கி வந்தார். மாமாவின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார்.

“அழ வெச்சு எறக்க வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டு வந்து விட்டுர்றேன்.”

அவர் அதைச் சொன்னது அத்தாவைப் பார்த்து. அத்தா நடந்து போய் இரும்பு கேட்டை இரண்டு பக்கமும் முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊருக்குள் கூரை இல்லாமல் நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. பின்னால் பெட்டி கட்டியிருப்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சுற்று என்றால் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவது. கேட்டைத் தாண்டியும் வண்டி திரும்பவில்லை. குப்பி வழக்கமான இடத்தில் நிறுத்தி முக்காட்டுக்கு ஊசி குத்தினார். கொக்கி கழற்ற வேலை இல்லாததால் நான் சும்மா இருந்தேன். கொல்லங்கோடு தாண்டினோம். ஃபோன் அடித்தது. குப்பி அதை எடுத்து யார் என்று பார்த்துவிட்டு டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினார். உள்ளேயிருந்து அது அடித்துக்கொண்டே வந்தது.

முதலமடையில் மாந்தோப்புகளுக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, பெரிய பெரிய துளி. கூரையை இழுக்க வேண்டுமென்றால் அதன் மேலிருக்கும் பெட்டியை இறக்க வேண்டும். நனைந்து இறுகிய முடிச்சைக் குப்பியால் அவிழ்க்க முடியவில்லை. நான் பல்லால் கடித்துப் பார்த்தேன். மாங்காய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் அரிவாளோடு வந்து கயிற்றை வெட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். கூரையை இழுத்து மாட்டினோம். பெட்டி வைக்க வேறு இடம் இல்லாததால் அதை என் மடியில் வைத்தார் குப்பி. அதற்குப் பிறகு எனக்கு ரோடு தெரியவில்லை. வண்டி கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. குப்பி கிளப்பவில்லை. கைகள் இரண்டும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. வந்த வழியே திரும்புவதா என்று அவர் யோசிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மழை விடட்டும் என்று இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மழை விடவில்லை. குப்பி கியர் போட்டார்.

போய் நின்ற இடம் கோவிந்தாபுரத்துக்கு முன்னால் இருந்த ஒரு தென்னந்தோப்பு வீடு. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நாங்கள் வழக்கமாகப் போகும் வீடுதான். அந்தத் தோப்புக்காரருக்கு இடது பக்கம் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. குளித்து, வேட்டி மாற்றி, தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி குடையோடு ஓடி வந்தார்.

“ஏனுங்க, இன்னிக்கு வர மாட்டீங்களோன்னு நெனச்சோமுங்க.”

“ஊட்ல விருந்தாளிங்க. இந்நேரம் கெளம்பிருப்பாங்க” என்றார் குப்பி.

மாமா வாசலில் காத்துக்கொண்டிருப்பாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் பெரியவர்கள் சொன்னதைத் திருத்தக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்ததால் சும்மா இருந்தேன். எனக்குத் துண்டும் காப்பியும் கொடுத்தார்கள். குப்பி வாக்கரை இறக்கி வைத்து, தோப்புக்காரர் கையைப் பிடித்து எழுப்பினார். மழைக்குத் தாழ்வாரத்திலேயே நடக்க வைத்தார். விசேஷமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. போன வாரம் நடந்த அளவுதான் அன்றும் நடந்தார். எடுத்து வையுங்க, குதிகால் முதல்ல, எடுத்து வையுங்க என்று குப்பி அவர் கூடவே போய்க்கொண்டிருந்தார். வண்டிக்குள் ஃபோன் அடிப்பது தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பெட்டி மடியில் கனத்தது. கால் மரத்துப்போச்சு என்றேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, என்னை இறக்கி நடக்க வைத்து மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. மாமா இல்லை. வாடகைக் காரை அனுப்பிவிட்டதால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனாராம். கமிட்டிப் பெரியவர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அத்தா கேட்டிலேயே நின்றிருந்தார். நான் இறங்கியதுதான் தாமதம், என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியவங்க பேசி முடிச்ச காரியத்த ஒரு பொடுசு கெடுத்துப்போடுச்சே. இவ எறங்கியிருந்தா அவங்க ரெண்டு பேரும் இந்நேரம் ஊடு போய்ச் சேர்ந்திருப்பாங்க.”

அத்தா என்னை அதற்கு முன் குரல் உயர்த்தித் திட்டியதே இல்லை. அன்று மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும்படி திட்டினார். அதில் பாதி நேரம் அவர் முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது. என் அடம், என் செல்லம், என்னால் எத்தனை பேருக்குச் சங்கடம் என்று சொல்லிக்கொண்டே போனார். குப்பி என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பெரியவர்தான், பச்சைப் பிள்ளை, விடுங்க, இன்னொரு நாள் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த வருஷம் குப்பியும் மாமாவும் முறைப்படி பிரிந்தார்கள். குப்பி வேலையை விடவில்லை. நான் பத்தாவது படிக்கும் வரை அந்த வண்டியும் ஓடியது. ஊரில் அந்தக் கதை அன்று அத்தா சொன்னபடிதான் நிலைத்தது. இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது என் மகளிடம், உங்கம்மா ஒரு சீட்டுக்காக ஒரு குடும்பத்தையே பிரிச்சவ என்று சொல்லிச் சிரிப்பார்கள். குப்பியும் அங்கே இருந்தால் சேர்ந்து சிரிப்பார்.

அன்று நான் சமையலறையில் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். வண்டியை ஓட்டியது குப்பி. ஒரு சுற்று என்று சொன்னது குப்பி. கேட்டைத் திறந்துவிட்டதே அத்தாதான். என்னை எதற்குத் திட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா மதியத்து பிரியாணியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். வெளியே கொட்டகையில் அத்தாவும் குப்பியும் கூரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நீல ஒட்டு ஒழுகுகிறதா, நாளைக்குத் தார்பாய்க் கடையில் கொடுக்கலாமா என்று அத்தா கேட்பது காதில் விழுந்தது.

அம்மா என் தட்டில் சோற்றை வைத்து, மேலே ஒரு பெரிய கறித் துண்டையும் வைத்தார்.

“உன்னைய ஆரு திட்டுனா?” என்றார்.

என் காதாலேயே கேட்டேனே என்று நான் இன்னும் உரக்க அழுதேன்.