சிக்கந்தர் நகரவிடாத ஜீப்பு

சிக்கந்தர் இறந்துவிட்டான் என்ற செய்தி எனக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்தது. போட்டவர் யார் தெரியுமா? அவனைப் போடி ஊரைவிட்டே கிளப்பப் பார்த்த அதே கட்சிப் பிரமுகர். கைகூப்பிய தன் படத்தைப் பெரிதாகவும் சிக்கந்தரின் படத்தைச் சிறிதாகவும் வைத்து, "இளம் கணினி வல்லுநர் மறைவு, ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார். தேவாரத்திலிருந்து போடிக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். படித்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், "என்னாச்சுத்தா, மொகம் இப்பிடிப் போச்சு?" என்று கேட்டாள். "எங்க சிக்கந்தர் போயிட்டான்" என்று வாயால் சொன்ன பிறகுதான் அழுதேன்.

அவனோடு பழகிய உங்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவன் அத்தா, அதாவது அப்பா, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்கு ரெயின்கோட்டும் பிளாஸ்டிக் படுதாவும் விற்கிறவர். அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சிக்கந்தர் தன்னந்தனியாக ஒரு பேய் விளையாட்டைச் செய்தான். பெயர் 'பக்கத்தாள்'. அதற்கு வசனம் எழுதியது நான். அப்படிச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் எழுதியதில் பாதியை அவன் தூக்கி எறிந்தான். "அக்கா, பேய் இம்புட்டுப் பேசாதுக்கா. பட்டிமன்றம் கணக்கா இருக்கு" என்றான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அவனே வீட்டுக்கு வந்து, பால் ஊற்றாத கட்டன் சாயா வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சப் பாதியையும் வெட்டினான். அழுத்தக்காரன்.

விளையாட்டைப் புரிந்துகொள்ள, மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சாயங்காலம் போடிமெட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் வண்டியை உடனே எடுக்க விடமாட்டார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவளின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பெயரும் வந்த பிறகுதான் வண்டி நகரும். தன் பெயரைத் தானே சொன்னால் என்ன என்று சிக்கந்தர் செல்லத்தாயி அக்காவிடம் ஒருமுறை கேட்டான். அந்த அக்கா பல வருடங்களாக மலையில் காய் எடுத்தவர். "நம்ம பேர தூக்கத்துல கூட சொல்லிருவோம் தம்பி. அடுத்தவ பேரச் சொல்லணும்னா அவ மொகத்தத் திரும்பிப் பாக்கணும்ல?" என்றார். சிக்கந்தர் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு என்னிடம், "கேமே இதுதான்க்கா, நம்ம புதுசா எதையும் யோசிக்க வேணாம்" என்றான்.

அதே செல்லத்தாயி அக்காதான், கூடக் காய் எடுத்த பேச்சியம்மாள் கடைசியாகப் போன ஜீப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். சில வருடங்களுக்கு முன்னால் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஒரு ஜீப்பு வளைவில் சரிந்தது. அக்காவுக்கு இடுப்பு போனது. பேச்சியம்மாள் பள்ளத்தில் செத்துக் கிடந்தாள். வண்டிக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? அவள் வண்டியில் ஏறவே இல்லையாம், தனியாக நடந்துவந்து தவறி விழுந்தாளாம். "கெளம்பும்போது அவ பேர நாந்தானய்யா சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு அந்த அக்கா போகாத இடமில்லை. ஒருவரும் காதுகொடுக்கவில்லை. இரங்கல் ஸ்டேட்டஸ் போட்டாரே, அவர்தான் அந்த வண்டிக்காரர். அவர் பெயரை எழுதி இந்தப் பக்கத்தை அழுக்காக்க மாட்டேன்.

சிக்கந்தரின் விளையாட்டில் நீங்கள் அந்த ஜீப்பில் போகும் ஒரு பெண். சுற்றிலும் பனி. திரும்பி, பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்ல வேண்டும். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வரும். முன் சீட்டிலிருந்து ஒரு குரல் சொல்லும்: "அங்க யாருமில்ல. வண்டிய எடு." சரி, யாருமில்லை என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் ஜீப்பு நகரும். ஆனால் அடுத்த நடையில் உங்கள் பக்கத்தில் இருப்பவள் உங்களைத் திரும்பிப் பார்த்து, "இங்க யாருமில்ல" என்பாள். முதல் தடவை விளையாடியபோது அந்த இடத்தில் எழுந்துபோய்க் கடை விளக்கைப் போட்டேன். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. மங்கிவரும் அந்த முகத்துக்குப் பெயர் பேச்சியம்மாள்; அதைச் சொல்வது செல்லத்தாயி அக்காவின் சொந்தக் குரல்.

வந்தது வினை. பேச்சியம்மன் எங்கள் சாமி, சாமியின் பெயரைப் பேய்க்கு வைத்துவிட்டான், அதுவும் வேறு மதத்துக்காரன் வைத்துவிட்டான் என்று புகார். எழுப்பியவர் அந்த வண்டிக்காரர். பேச்சியம்மன் கோயில் பக்கம் அவர் தலைகாட்டி யாரும் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேச்சி இருக்கிறாள். என் பெரியம்மா பேச்சி, என் வீட்டில் பால் ஊற்றுகிறவள் பேச்சி. சாமி பெயரை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மாடு மேய்க்கிறோம், காய் எடுக்கிறோம், சாகவும் செய்கிறோம். அப்போதெல்லாம் புண்படாத மனசு இப்போது புண்பட்டுவிட்டதாம். நாலு பேர் கடை முன்னால் நின்று கத்தி, தொங்கிய ரெயின்கோட்டுகளைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். சிக்கந்தரின் அத்தா ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினார். ஊர் அதை வேடிக்கை பார்த்தது. தூ!

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்லமாட்டேன், சோலி முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர். "பேர மட்டும் மாத்திரு தம்பி. வேற ஏதாச்சும் வையி. உங்காளுக பேரா பாத்திமான்னு வையேன், யாரு கேக்கப் போறா?" என்றார்.

"செத்தது பாத்திமா இல்லையே சார்" என்றான் சிக்கந்தர்.

"கேமுதானப்பா இது?"

"கேமுதான் சார். அப்ப எதுக்கு சார் இத்தன பேரு கடைக்கு வந்து கத்துனாங்க?"

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. பெயரை எடுத்துவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் எங்களை அனுப்பினார்.

எழுதிக் கொடுத்தபடியே அவன் எடுத்தான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு எரிச்சலாக வந்தது, இவனும் பயந்துவிட்டானே என்று. புதிய பதிப்பு வெளியான மறுநாளே போன் மேல் போன். ஜீப்பு நிற்கிறது, பனி மூடுகிறது, எல்லாப் பெயரும் வருகிறது, ஒரே ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் சத்தமில்லை. முன் சீட்டுக் குரலும் வாயைத் திறப்பதில்லை. வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருங்கள், பனிக்குள் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் சிக்கந்தர் ஒரே பதில்தான் சொன்னான்: "பேர வெட்டச் சொன்னாங்க, வெட்டிட்டேன். பேரு வராம ஜீப்பு போகாதுன்னா நான் என்னண்ணே பண்றது? அது அந்தப் பொம்பளைக போட்ட சட்டம்." நான் கடையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "சிரிக்காதக்கா. இன்னமும் அந்தம்மா பள்ளத்துலதான் கெடக்கு" என்றான்.

அந்த நிற்கும் ஜீப்பைப் புகார் கொடுத்தவர்களால் தாங்க முடியவில்லை. மறுபடியும் புகார் போனது. விளையாட்டை விற்றுக்கொண்டிருந்த இணையதளம் அதை மொத்தமாகத் தூக்கிவிட்டது. காரணம் கேட்டு சிக்கந்தர் அனுப்பியதற்கெல்லாம் ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வந்தது. அவன் கேட்பதை நிறுத்தவில்லை. கடைசியாகக் காய்ச்சலோடு படுத்திருந்தபோதும், "என்னக்கா, பதில் வந்துச்சா?" என்றுதான் கேட்டான். மன உளைச்சலால் செத்தான் என்று சிலர் இப்போது உருகுகிறார்கள். வேண்டாம் அந்த நாடகம். அவனைக் கொன்றது காய்ச்சல். இவர்கள் கொன்றது அவன் செய்த விளையாட்டை, அதுவும் அவன் கண் முன்னால்.

இப்போது இரங்கல் கூட்டம் வைக்கிறார்களாம். தலைமை யார்? அவரேதான். கூட்டத்தில் தரும் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "அந்த கேமு விஷயம் மட்டும் வேணாம்க்கா, மத்தபடி எம்புட்டு வேணும்னாலும் எழுதுங்க" என்றான் அமைப்பாளன். அந்த விளையாட்டு இல்லாமல் சிக்கந்தரைப் பற்றி என்ன எழுத? நன்றாக ரெயின்கோட்டு மடிப்பான் என்றா? "போடா அந்தப் பக்கம்" என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை வேறு இடத்தில் வருகிறது.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். முருகேஸ்வரி, பேச்சியம்மாளின் மகள். அவளும் இப்போது மலைக்குத்தான் போகிறாள். "எங்கம்மா பேரச் சொல்ற எடம் ஒண்ணு இருக்காம்ல, அதக் கேக்கணும்" என்றாள். வெட்டாத பழைய பதிப்பு என் போனில் இருக்கிறது. போட்டுக் காட்டினேன். பனிக்குள் செல்லத்தாயி அக்காவின் குரல் பெயரைச் சொன்னது, ஜீப்பு நகர்ந்தது. முருகேஸ்வரி அழவில்லை. "இம்புட்டுத்தானா? இதுக்கா அம்புட்டுப் பேரு வந்தாக?" என்றாள். பிறகு தன் போனை நீட்டினாள். "இதுல போட்டுக் குடுங்க. ஜீப்புல எல்லாருக்கும் அனுப்பணும்."

போட்டுக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். சிக்கந்தர் எனக்கு விட்டுப்போனது அந்த வெட்டாத பதிப்பும், வெட்டச் சொல்கிறவனுக்கு முகம் கொடுக்காத அவன் பிடிவாதமும். இரண்டிலும் ஒரு துளி குறைக்க மாட்டேன். கூட்டத்துக்கும் வருவேன், முருகேஸ்வரியையும் அழைத்து வருவேன். மைக் தராவிட்டால் போகிறது, எனக்குத் தொண்டை இருக்கிறது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: பேச்சியம்மாள் உன் ஜீப்பில்தான் வந்தாள்.