412ஆம் உறையில் இருந்தது

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டக்கா. கதவைப் பூட்டி நான்கு படி இறங்கியபின், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காளான் சேகரிப்பு அறையில் உலர்த்துவதும் உறைக்குச் சீட்டு ஒட்டுவதும் அவள் வேலை. மரத்தில் அலமாரித் தட்டு போல நீட்டிக்கொண்டு வளரும் காளான், ஓர் ஆய்வாளர் கையில் ஒரு பேரினம். அடுத்தவர் கையில் வேறு. பெயர் எத்தனை முறை மாறினாலும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. புதியதைக் கீழே, தேதியும் கையெழுத்துமாக ஒட்ட வேண்டும். அந்த விதியை நம்பிய அளவுக்கு அவள் மனிதர்களை நம்பவில்லை.

புதிதாக வந்த ஆய்வாளர் 412ஆம் உறையைக் கேட்டபோதே அவளுக்கு உறுத்தியது. ஓய்வுபெற்ற பேராசிரியர் புதிய சிற்றினம் என்று அறிவித்த காளான் அது. அவர் பெயரிட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

ஆய்வாளர் ஒரு துணுக்கை வெட்டிப் பொட்டாஷ் கரைசலை ஒரு சொட்டு விட்டார். கறுத்தது.

“பாத்தீங்களாக்கா? நிறம் மாறாதுன்னு எழுதியிருக்காரு. இது எல்லா மரத்துலயும் இருக்கற பழைய காளான். மனுஷன் நல்லா கதை விட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிடறேன்.”

“நீங்க உறையத் திறந்தப்ப நான் டீ குடிக்கப் போயிருந்தேன் சார்.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்ல. சொன்னேன்.”

“நல்லாருக்கே! என் சட்டைப்பையையும் பாத்துடுங்க.”

பார்க்க ஆசைதான். அடக்கிக்கொண்டு பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“அந்த ஆளு மேல ஒரு கண்ணு வைம்மா.”

“வச்சாச்சு சார்.”

ஆதாரம் தேடி உலர்த்தும் பதிவேட்டை எடுத்தாள். அவளுடைய கையெழுத்துதான்: 412, 413, ஒரே நாள், ஒரே தட்டு. அன்று மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறந்ததும், இரண்டும் பழுப்பாக உள்ளங்கை அளவில் இருந்ததும், அவள் குத்துமதிப்பாகச் சீட்டு வைத்ததும் நினைவுக்கு வந்தன. அன்று அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

413ஐத் திறந்து சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை. அடிப்புறத் துளைகளும் பேராசிரியர் எழுதிய அளவிலேயே இருந்தன.

அறையில் வேறு யாரும் இல்லை. இரண்டையும் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடலாம். பேராசிரியர் தப்பிப்பார், தவறாகச் சோதித்த பழி ஆய்வாளர் மேல் விழும். இரண்டு கைகளிலும் இரண்டு காளான்களோடு சற்று நேரம் நின்றாள். பிறகு ஆய்வாளரை அழைத்து, அவர் கண்ணெதிரே மறுபடி சொட்டு விட்டுக் காட்டினாள்.

“அப்போ மாத்தினது யாரு?”

“நான்தான் சார். அன்னிக்கே.”

சீட்டு எழுதினாள்: ‘உலர்த்தும்போது 412, 413 இடம் மாறின. மாற்றியவர்:’

“கையெழுத்து வேணாம்க்கா. தேதி மட்டும் போடுங்க, போதும்.”

அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்கு சார் திடீர்னு இவ்வளவு நல்லவரா இருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டு ஒட்டினாள்.