ராட்சசன் கண்ணில் மிளகாய்ப்பொடி

போன மாதம் பேத்தி தன் போனில் ஒரு பழைய படத்தைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "அம்முச்சி, பறக்கற ஊஞ்சல் படம்னு சொல்லிட்டே இருப்பீங்களே, இதுதானுங்களா?"

அதேதான். இளவரசன் ஊஞ்சல் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மலை தாண்டுகிறான். பலகையைத் தூக்கும் கம்பி பளபளவென்று தெரிகிறது. ஒற்றைக்கண் ராட்சசன் வந்ததும் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒட்டு முடி. அக்குளில் தையல் விட்ட சட்டை. நெற்றியில் கண் என்று ஒட்டியிருப்பது குழிக்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படத்தைக் கொட்டகையில் இரண்டு தடவை பார்த்தவள் நான். ஆனால் இந்த ஆள் முகத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அது எப்படி என்று கேட்டால் மில் சங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதில் பள்ளிக்கூடத்துக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லின் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரை, வரிசையாகப் பன்னிரண்டு வீடு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். பன்னிரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே ஷிப்ட். ஒரு வாரம் காலை எட்டுக்கு உள்ளே போய் நாலு மணிச் சங்குக்கு வெளியே வருவார்கள். அடுத்த வாரம் நாலு மணிச் சங்குக்கு உள்ளே போவார்கள்.

மில்லுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகை. மதிய ஆட்டம் இரண்டரைக்கு. இண்டர்வெல் சரியாக நாலு மணிக்கு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் எங்கள் லைன் பெண்கள் கூட்டமாகப் படத்துக்குப் போவார்கள். நாலு மணிக்குச் சங்கு ஊதும். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். புருஷன்மார் வீட்டுக்கு வருவதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வேண்டுமே. அடுத்த வாரம் புருஷன்மாரை மில்லுக்குள் அனுப்பிவிட்டு, இண்டர்வெல் முடியும் நேரத்துக்குப் போய் மீதிப் பாதியைப் பார்ப்பார்கள். கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை முந்தானையில் முடிந்து ஒரு வாரம் காப்பாற்றி வைத்திருப்பார்கள். கேட்டில் நிற்பவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே விடுவார். எந்தப் படமானாலும் எங்கள் லைனுக்கு இரண்டு வாரப் படம்தான்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் முழுப் படமும் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். சொன்னால் அவர்களும் வருவார்கள். வந்தால் திரும்பி வரும் வழியெல்லாம் அது பொய், இது பொய் என்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வாரத்தில் படத்தை மாற்றிவிட்டால் பிற்பாதி போச்சு. அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். சங்கு ஊதினால் பெண்கள் ஓடுவார்கள், நான் மட்டும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு மறுநாள் குழாயடியில் கதை சொல்ல வேண்டும். என் டிக்கெட் லைன் செலவு. இந்த உத்தியோகத்தின் மேல் கோடி வீட்டு அத்தையின் மகளுக்கு ஒரு கண். நான் எப்போது சறுக்குவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊஞ்சல் படம் வந்தது காலை ஷிப்ட் வாரத்தில். வெள்ளிக்கிழமை படப்பெட்டி பெருந்துறைக்குப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை எல்லோரும் போனோம். ஊஞ்சல் பறந்தது, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், குகை வாசலில் பூமி அதிர்ந்தது, திரையில் பெரிதாக ஒரு பாதம் வந்தது. அத்தோடு இண்டர்வெல். சங்கும் ஊதியது.

"நல்லாப் பாத்துப்போட்டு வா சாமி. ஒண்ணு உடாமச் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டு அம்மா ஓடினாள்.

பெண்கள் பக்கத்தில் நான் ஒருத்தி, தூரத்தில் பல் இல்லாத ஒரு பாட்டி. விளக்கை அணைத்தார்கள். அந்தப் பாதத்துக்கு மேலே முழங்கால் வந்தது, முழங்காலுக்கு மேலே வயிறு வந்தது. அதற்கு மேலே என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே சோடாக் கடையில் இருந்தேன்.

சோடாக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். படம் முடியும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். தகரச் சுவர் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. ஒரு உறுமல், ஒரு பெண் வீறிடும் சத்தம், அப்புறம் யாரோ யானைக்குக் காயம் பட்ட மாதிரி அலறினார்கள், ஜனங்கள் விசில் அடித்தார்கள். இவ்வளவுதான் என் கையில் இருந்த சரக்கு.

மறுநாள் காலை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓடிவிட்டேன் என்று சொன்னால் உத்தியோகம் கோடி வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஆரம்பித்தேன்.

"ராட்சசன் வந்தானுங்க. இளவரசன் கத்தியத் தூக்கறதுக்குள்ள அவனத் தூக்கி ஒரு பாறை மேல வெச்சுப்போட்டான். ராசகுமாரி என்ன பண்ணுனா தெரியுங்களா? மயக்கம் போட்ட மாதிரி கீழ உழுந்துட்டா. செத்துப்போய்ட்டாளான்னு ராட்சசன் குனிஞ்சு பாத்தானுங்க. அவ இடுப்புல முடிஞ்சு வெச்சிருந்த மொளகாப்பொடிய எடுத்து அந்த ஒத்தக் கண்ணுல வீசுனா பாருங்க ஒரு வீச்சு!"

"ஏம்மணி, ராசகுமாரி இடுப்புல மொளகாப்பொடி எதுக்கு?" கோடி வீட்டு அத்தை எப்போதும் இப்படித்தான் குறுக்கே வருவார்.

"வழித்தொணைக்குங்க அத்தை."

"அதும் சரிதான்" என்றார்கள் நாலு பேர்.

அந்த ஆதரவில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கொட்டாயில எல்லாருக்கும் தும்மல் வந்துருச்சுங்க. திரை முச்சூடும் செவசெவன்னு ஆயிப்போச்சு!"

பாய் வீட்டு அக்கா மெதுவாகக் கேட்டார். "கருப்பு வெள்ளப் படத்துல செவப்பு எப்புடித் தெரிஞ்சுது கண்ணு?"

என் வாய் அதுவாகவே திறந்துகொண்டது. "கடைசி மட்டும் கலருங்க அக்கா."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"கலரா!" என்றாள் அம்மா. அவள் அதுவரை கலரில் ஒரு படம்கூடப் பார்த்தது கிடையாது. "ஐயோ, அதப் பாக்க நமக்குக் குடுத்து வெக்கலியே."

அன்றைக்கு மத்தியானமே கடவுள் என்னை நோக்கி ஒரு குதிரை வண்டியை அனுப்பினார். மேலே சினிமா விளம்பரத் தட்டி, உள்ளே குழாய் ஒலிபெருக்கி. ஜனங்கள் கூட்டத்தை முன்னிட்டு ஊஞ்சல் படம் மேலும் ஒரு வாரம். லைனில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏனென்றால் திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிறது.

திங்கட்கிழமை நாலு மணிச் சங்கு ஊதி ஆண்கள் உள்ளே போனதும் பெண்கள் வெளியே வந்தார்கள். பூவும் வைத்துக்கொண்டார்கள், கலர்ப் படமாயிற்றே. நான் பாயில் சுருண்டு படுத்திருந்தேன்.

"வவுத்து வலிங்கம்மா."

"அப்ப நீ படுத்துக்க சாமி. நாங்க போய்ப்போட்டு வாரோம்."

அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவதை நினைத்தேன். நான் இல்லாத இடத்தில் என் பொய்யைத் தனியாக விட்டுவைக்க மனசு வரவில்லை. வயிற்று வலி அந்த நிமிஷமே போய்விட்டது.

பாதி டிக்கெட்டுகளைக் காட்டி உள்ளே போனோம். பாதம் வந்தது. முழங்கால் வந்தது. நான் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதே உறுமல், அதே வீறிடல். என்னைச் சுற்றி மட்டும் வேறு சத்தம்.

"இப்பப் பாருங்க, கலர் வரும்."

"இல்லீங்க, அவ இன்னும் கீழதான கெடக்கறா."

"எந்திரிப்பா, எந்திரிப்பா. நடிக்கறா."

"ஏனுங்க, இளவரசன் ஈட்டிய எறிஞ்சுபோட்டானே! இவ எப்பத்தான் எந்திரிப்பா?"

அவள் எழுந்திருக்கவே இல்லை. ராட்சசன் செத்து, குகை இடிந்து, இளவரசன் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாளாம். திறந்ததும் கல்யாணம். திரையில் சுபம் என்று வந்தது, கருப்பிலும் வெள்ளையிலும்.

நான் தலையைத் தூக்காமல் காத்திருந்தேன். இனி சினிமா கிடையாது. ஆயுசுக்கும் கோடி வீட்டுப் பெண் சொல்லித்தான் கதை கேட்க வேண்டும். அப்போது அத்தையின் குரல் கேட்டது.

"வெட்டிப்போட்டானுங்க! நம்ம சீனை வெட்டிப்போட்டானுங்க!"

"ஆமாங்க அக்கா, கலர் சீன வெட்டிப்போட்டானுங்க!"

என்னை யாரும் சந்தேகப்படவே இல்லை. ஏழெட்டுப் பெண்களும் எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் அறைக்கு நடந்தார்கள். உள்ளே மானேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனுஷன், பாவம்.

"ஏனுங்க, படத்த வெட்டுனீங்களா இல்லீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்றார் அத்தை.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், மானேஜர் கோபப்படுவார், இவள்தான் புளுகினாள் என்று எல்லோரும் என்னைப் பிடிப்பார்கள். ஆனால் அவர் முகம் டீயை விட வெளுத்துப்போயிற்று. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு பாட்டுத்தானுங்க வெட்டுனேன்" என்றார். "சாயங்கால ஆட்டத்துக்கு நேரமாயிருதுங்க. படம் வந்த மொத நாளே எடுத்துப்போட்டேன். யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பாட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது.

"பாட்டு மட்டுந்தானா? அந்த மொளகாப்பொடி?"

"மொளகாப்பொடிங்களா? அப்புடி ஒண்ணு இந்தப் படத்துல..."

"பாட்ட வெட்டுனவரு பொடிய உட்டுவெச்சிருப்பாரா? ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறாரு பாரு" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். என் அம்மா! இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றாள். லைனில் சத்தமாகப் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள்.

மானேஜர் கும்பிட்டார். "தாயி, மொதலாளி காதுக்குப் போச்சுன்னா என்ற வேலை போயிருமுங்க. அந்தப் பாட்டு பெட்டியிலதான் இருக்குது. அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நேரமிருக்குது. உங்களுக்கு மட்டும் ஓட்டிக் காட்டறேன். அதோட உட்டுருங்க."

அத்தை யோசிப்பது போல நின்றார். யோசிக்க என்ன இருக்கிறது, அவர் கால் ஏற்கனவே கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டது. "சரி, என்னமோ போங்க. பொடி போனாப் போவுது."

கூட்டம் எல்லாம் வெளியே போன காலிக் கொட்டகை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று எதுவும் இல்லாமல் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தோம். தரை டிக்கெட்டிலேயே படம் பார்த்துப் பழகிய பாய் வீட்டு அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார். விளக்கை அணைத்தார்கள். ஊஞ்சல் மேகத்துக்கு நடுவில் வந்தது. இளவரசி அதில் தனியாக, பிடித்துக்கொள்ளாமல், காலை ஆட்டிக்கொண்டு பாடினாள். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது.

இருட்டில் அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். நல்ல கிள்ளு.

"ஏண்டி, அன்னைக்கு எங்க ஓடிப்போன?"

"எப்புடிங்கம்மா தெரியும்?"

"என்ற மடிதானே. காலு வந்தப்ப உள்ள போன தலை, கல்யாணத்துக்கப்பறம்தான் வெளிய வந்துச்சு. எங்க போன?"

"சோடாக் கடைக்குங்க."

திரையில் இளவரசி கீழே பூவை எறிந்தாள். அப்புறம் அம்மாவின் தோள் குலுங்கியது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அவுங்ககிட்டச் சொல்லீருவீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா கோடி வீட்டுக்காரி அவ மகள அனுப்பிப்போடுவா. அவளுக்குக் கதையா சொல்லத் தெரியும்? ரெண்டே வரியில முடிச்சுப்போடுவா" என்று என் காதில் முணுமுணுத்தாள். "இனி என்ன வேணாலும் சொல்லு. கலர் மட்டும் சொல்லாத."

பாட்டு முடிந்து திரை வெள்ளையாயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து நின்று, மேலே மிஷின் அறையின் ஓட்டையைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க! இன்னொருக்காப் போடுங்க!"