மோசுலை விட்டுப் போன பட்டாளம்

அந்த வயதில் என் கை மண்ணெண்ணெய் லாம்பின் சிமினிக்குள் மணிக்கட்டு வரை போகும். வீட்டில் வேறு யார் கையும் போகாது. ஆகவே சாம்பலும் பழந்துணியும் கொண்டு கண்ணாடியின் கரியைத் துடைக்கும் பதவி எனக்குக் கிடைத்திருந்தது. எங்கள் மலையூர் கடுகண்ணாவையில் மூடுபனி பொழுது சாயுமுன்னரே ஏறிவிடும். முதலில் மலை தொலையும், பிறகு ரோட்டு, பிறகு எதிர்வீடு. கடைசியில் மிஞ்சுவது எங்கள் முன்னறை மட்டும். அதன் நடுவே, நான் துடைத்த கண்ணாடிக்குள், மஞ்சள் இலையாய் ஒரு சுடர். உலகம் அவ்வளவுதான் என்று இருந்தேன். அதற்குள் மோசுலையும் பக்தாதையும் கொண்டுவந்து போட்டவர் சாச்சா.

சாச்சா வாப்பாவின் தம்பி. கண்டியில் கடிகாரம் திருத்தியவர். ஊசிமுனைச் சக்கரங்களை உற்று உற்றுப் பார்த்துக் கண்ணில் பூ விழுந்தபின் எங்களோடு வந்து இருந்தார். துருக்கித் தொப்பி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். என் உள்ளங்கையில் விரலால் கோடிழுத்துத் தேசங்களைக் காட்டுவார். “இது ஆறு, இதெல்லாம் மணல். மோசுலுக்குக் கடல் கிடையாது மகள், நல்லா ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க.” கை கூசும்; நான் சிரிப்பேன்.

வாப்பாவுக்கு ரோட்டோரத்தில் பலசரக்குக் கடை. அங்கே எல்லாரும் பார்த்து முடித்த பேப்பர் மாலையில் வீட்டுக்கு வரும். விடிந்ததும் சீனி சுற்றக் கடைக்கே திரும்பிவிடும். இடையில் விளக்கேற்றியபின் வரும் கொஞ்ச நேரம் எனக்கு மூத்தவளான ராத்தாவுடையது. பெரியவளாகிக் குமரானதும் அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. கண் மங்கிய மனிதருக்கு வாசித்துக் காட்டுவது நன்மை என்பதால் மட்டுமே அச்செழுத்தை அவள் கையில் விட்டுவைத்திருந்தார்கள். அவளும் விடமாட்டாள். கப்பல் வரவு, புகையிலை விளம்பரம், யாரோ ஒருவருடைய காணி ஏலம், எல்லாவற்றையும் ருசித்து வாசிப்பாள்.

அப்படித்தான் ஒரு மாலை மோசுல் பக்கத்து எண்ணெய் ஊற்றைப் பற்றியும், அங்கே இங்கிலீசுப் பட்டாளம் இன்னும் இருக்கவேண்டியதன் அவசியம் பற்றியும் வாசித்தாள். சாச்சா அண்ணன் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேட்டீங்களா நானா? துருக்கியோட சண்டை எப்பவோ முடிஞ்சி. இவங்க ஏன் போகல்ல எண்டு இப்ப விளங்குது. அங்க ஈச்சம்பழம் மட்டும் ஈந்தா ஏரோப்பிளேன் போகுமா?”

வாப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “இங்க மட்டும் எண்ணெய் ஈந்திச்சா? கறுவாவுக்கு வந்தாங்க, கோப்பிக்கு நிண்டாங்க. வாரவனுக்கு ஒரு சாட்டு வேணும், அவ்வளவுதான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

“நீ சொல்றது வேற. லாம்பு கொளுத்திறவன்தான் பட்டாளத்தைக் கூப்பிடுறான் எண்டு சொல்றாய். என்ட கடை மண்ணெண்ணெய் டின் பர்மாவுல இருந்து வாரது.”

“பர்மாவை மட்டும் யாரு புடிச்சி வெச்சீக்கிற? உங்கட மாமனாரா?”

“என்ட வாப்பாவ ஏன் இதுக்குள்ள இழுக்குறீங்க?” என்றது அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல்.

வாப்பா விடவில்லை. “சரி தம்பி, வெள்ளிக்கிழமை நீ கண்டிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போற பஸ் எதால ஓடுது? துஆவாலயா?”

“இனி ரயில்ல போறேன். அது கரியில ஓடுது.”

“கரி எடுக்கிற ஊருக்கு ஒரு பட்டாளமும் போகல்ல போல!”

சாச்சாவின் முகம் சிவந்தது. எழுந்து, தடவி, லாம்பின் திரியை இறக்கினார். சுடர் சுருங்கி அணைந்தது. “சத்தியமாச் சொல்றேன், மோசுலை விட்டுப் பட்டாளம் போற வரைக்கும் இந்த அறையில இது எரியக் கூடாது. இந்த வெளிச்சத்துல வாசிச்ச ஒண்டும் என்ட காதுல விழவும் கூடாது.”

மறுநாள் முதல் தேங்காயெண்ணெய்ச் சிட்டிவிளக்கு வந்தது. எனக்குப் பதவி போய்விட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தது. விவாதம் என்னவோ தினமும் நடந்தது. தேவைதான் சண்டையைக் கூட்டிவருகிறது என்பார் சாச்சா. சண்டைக்காரனுக்குத் தேவை எப்போதும் ஒன்று கிடைக்கும் என்பார் வாப்பா. இருவருக்கும் அதில் ஒரு பசி, ஒரு குஷி. இருட்டில் குரல்கள் பாலைவனத்தைக் கடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ராத்தா எழுத்தைத் தேடிக் குனிந்து, குனிந்து, ஒரு நாள் முன்மயிர் பொசுங்கிற்று. அறையெல்லாம் அந்த வாடை.

“வாசிச்சது போதும், நாளையோட நிப்பாட்டு” என்றார் வாப்பா. “குமர்ப் பிள்ளைட கண்ணு கெட்டா யாரு பொறுப்பு?”

“மோசுல்ல ஈக்கிறவன் பொறுப்பு” என்றார் சாச்சா.

“உன்ட சத்தியம் பொறுப்பு.”

ராத்தா பேப்பரை மடித்தாள், மடிப்பின் மேல் நகத்தால் அழுத்தி அழுத்திக் கோடிட்டாள்.

மறுநாள் மாலை, அவளுக்கு வாசிக்க மிஞ்சிய கடைசி மாலை, தேங்காய் விலையை வாசித்தாள். கப்பல் வரவை வாசித்தாள். அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், அடுத்ததையும் வாசித்தாள்: “மோசுலிலிருந்து பட்டாளம் வாபஸ். கடைசிச் சிப்பாயும் நேற்று அந்நகரத் துறைமுகத்தில் கப்பலேறினான்.”

வாப்பாவின் வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது. அந்தப் பேப்பரைக் கடையில் முதலில் பார்ப்பவர் அவர். ராத்தாவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு வெற்றிலையை வாய்க்குள் வைத்துக்கொண்டார். பேச முடியாதபடி வாய் நிறைய.

“கப்பலா மகள்?” என்று கேட்டார் சாச்சா.

“ஓ சாச்சா. கப்பல்தான்.” அவள் நகம் பேப்பர் மடிப்பின் மேல் ஓடியது.

சாச்சா அவள் குரல் வந்த திசையைப் பார்த்தபடி தன் உள்ளங்கையில் விரலால் ஆற்றை இழுத்தார், சுற்றிலும் மணலைத் தடவினார். விளக்கில் ஒரு பூச்சி விழுந்து சடசடத்தது. அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். சின்ன மகள், லாம்பைக் கொண்டு வாங்க. சிமினியை நல்லாத் துடைங்க.”

துடைத்தேன். சுடர் எழுந்தது. ராத்தா பேப்பரைத் திருப்பி, முதல் பக்கத்து முதல் வரியிலிருந்து, புகையிலை விளம்பரம் உட்பட, மறுபடி வாசித்தாள். மோசுல் செய்தி மட்டும் இரண்டாம் தடவை வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாச்சா பஸ்ஸிலேயே கண்டிக்குப் போய்வந்தார். ஒரு ஆட்டுக்குட்டி பிறந்தாலும் பள்ளிவாசல் முழுக்கச் சொல்லித் திரிகிறவர், இவ்வளவு பெரிய வெற்றியை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எதிர்வீட்டுக்காவது சொல்லிவிட்டு வரலாமென்று கிளம்பினேன். வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது நம்மட அறைக்குள்ள வந்த செய்தி மகள். வெளியில கொண்டு போனாக் கெட்டுரும்.”

வெளியே மூடுபனி எதிர்வீட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. பனி பட்டால் செய்தியும் ஊறிப்போகும் போலிருக்கிறது என்று நினைத்து, நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.