மாட்டுப் பொங்கலன்று பூட்டிய மாடுகள்

யுத்தம் முடிந்து வந்த இரண்டாவது பொங்கல். இன்று பெசன்ட் நகர் என்கிறார்களே, அந்தக் கடலோரம் அப்போது வெறும் சவுக்குத் தோப்பு. அங்கே ஒரு விறகு கான்டிராக்டரிடம் நான் கணக்குப்பிள்ளை. வெட்டிய மரங்களை எண்ணுவது வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை; மாடிப்படி ஏறினாலும் எண்ணித்தான் ஏறுகிறேன்.

வெட்டிய மரத்தை மணலில் இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவர ஐந்து ஜோடி மாடுகள் இருந்தன. முதலாளி ராணுவ ஏலத்தில் ஒரு சின்ன டிராக்டர் எடுத்தார். ரப்பர் டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை சுற்றி ஓடும். ஆளுயரம்கூட இல்லை. ஐந்து ஜோடியும் நாள் முழுக்க இழுப்பதை மத்தியானத்துக்குள் இழுத்துப் போட்டுவிடும். மார்கழியோடு மாட்டுக்காரர்களை நிறுத்திவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று தோப்பில் ஒருநாளும் வேலை நடந்ததில்லை. அந்த வருஷம் முதலாளி, இரும்புக்கு ஏது பொங்கல் என்று சொல்லி டிராக்டரை இறக்கினார். பட்டாளத்தில் ஓட்டப் பழகிய டிரைவர், மரம் வெட்டுகிறவர்கள் நாலு பேர், நான்.

சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் வெட்டும் பள்ளத்தைத் துரவு என்பார்கள். மரம் வளர்ந்தபின் யாரும் அதைத் தூர்ப்பதில்லை, சருகு மூடிவிடும். மாடு அந்த இடத்தில் கால் வைக்காமல் விலகிப் போகும். டிராக்டருக்கு அது தெரியவில்லை. கரை சரிந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, துரவுக்குள் இறங்கிவிட்டது. டிரைவரின் கால் இரும்புக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர். மணல் சரியச் சரிய வண்டி அவனையும் சேர்த்துக் கீழே இழுத்தது. ஐந்து பேரும் முட்டுக் கொடுத்துப் பார்த்தோம், அசையவில்லை.

"சார், தண்ணி மாருக்கு வந்துகினு கீது" என்றான், குரலை உயர்த்தாமல்.

மாட்டுக்காரர்களின் தெருவுக்கு ஓடினேன். மாடுகளின் கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண், இன்றைக்கு நுகத்தடி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். "உங்க டிராக்டரையே இஸ்துக்கச் சொல்லு சாமி" என்றான் ஒருவன்.

அவர்களில் மூத்தவர் கையில் ஒட்டியிருந்த பொங்கலை வேட்டியில் துடைத்தார். "மாடு கோச்சிக்கினா நான் சமாதானம் சொல்லிக்கிறேன். மன்சன் முழுகிட்டா யாருக்கு இன்னா சொல்றது? பூட்டுங்கடா."

ஐந்து ஜோடியும் மாலையோடு வந்தன. வடம் கட்டி இழுத்தார்கள். தண்ணீர் டிரைவரின் தாடையைத் தொட்டபோது வண்டி ஒரு சாண் நிமிர்ந்தது. அந்த ஒரு சாணில் அவனை உருவி எடுத்தோம். அதே இழுப்பில் மூத்தவருடைய செவலைக் காளை முன்னங்கால் மடங்கி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

எல்லோரும் டிரைவரைச் சுற்றி நின்றோம். மூத்தவர் மட்டும் மணலில் உட்கார்ந்து காளையின் முகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கோடா கண்ணு" என்றார். கொம்பின் நீலம் அவர் மார்பெல்லாம் ஒட்டியிருந்தது.

டிரைவர் பிழைத்தான்; காலை எடுத்துவிட்டார்கள். மாசியில் டிராக்டரைப் பழுதுபார்த்து வேறு டிரைவர் வைத்தார்கள். மாட்டுக்காரர்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு மூத்தவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

அன்று அந்தத் தோப்பில் மன்னிப்புக் கேட்கக் காரணமே இல்லாதவர் அவர் ஒருவர்தான், கேட்டவரும் அவர் மட்டும்தான் என்ற நினைப்பில், இந்த வயதிலும் மாட்டுப் பொங்கலன்று முதல் வாய்ப் பொங்கல் எனக்குச் சுலபமாக இறங்குவதில்லை.