நான் கொடுத்த ஒரு பாட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி, பேண்டேஜ் துணி மூட்டைகள் வைத்திருந்த அறையில்தான் ஆரம்பித்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. இராஜபாளையத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்ன ஆஸ்பத்திரி. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு கட்டில், நான். லேப் டெக்னீஷியன் என்று பெயர்; அறையைக் கூட்டிப் பெருக்குவதும் நான்தான். ஃபிரிட்ஜைத் திறந்தால் பெரும்பாலும் குளிர் இருக்கும், ரத்தம் இருக்காது.

கொடுக்க யாரும் வர மாட்டார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் வேண்டும் என்று சொன்னால், கூட வந்த ஆண்கள் டீ குடிக்கப் போவார்கள்; போனவர்கள் போனவர்கள்தான். டாக்டர் என்னை மில் வாசலுக்கு அனுப்பினார். ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களை மறித்து நின்று பேசுவேன். இருபத்தைந்து வயதுப் பெண் ரத்தம் கேட்டு நிற்பதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும்.

"ஏம்மா, குடுத்தா ஆம்பளை பலம் போயிரும்லா?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கொடுத்தது தானாக ஊறிவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒருநாள் எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒரு பாட்டில் குடுத்துப் பாருங்க. வாங்குன ஆளுக்கு நீங்க கூடப் பொறந்த பொறப்பு. தாய் தகப்பன் தராத உறவு இது."

அது எடுபட்டது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் ரத்தம் யாருக்குப் போனது என்று மறைக்கிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. நானே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். பிழைத்த பெண்களின் வீட்டுக்கு, கொடுத்தவர்கள் அண்ணன் முறையில் பொங்கல் சீர் கொண்டுபோனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா காலமான பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவேன். எனக்கென்று இருந்தது அத்தை வீடு ஒன்றுதான். அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதென்று அப்பா இருக்கும்போதே பேசி முடித்திருந்தார்கள். ஒற்றைப் பிள்ளை, மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை போனால், "ஏட்டி, இந்த வாரம் எம்புட்டுப் பேரு ரத்தத்த உறிஞ்சின?" என்று கேலி செய்வார். அதைக் கேட்க மற்ற ஆறு நாளும் காத்திருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர்மேல் உயிராக இருந்தேன்.

தையில் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஐப்பசியில், சேத்தூர் ரோட்டில் அவர் பைக் லாரியில் மோதியது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, உடுத்திய வேட்டி முழுக்க ரத்தம். அவர் குரூப்பில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது, ஏற்றியும் போதவில்லை. எனக்கும் அதே குரூப். ஜாதகத்தில் ஏற்கெனவே பார்த்த பொருத்தத்தை இப்போது ஸ்லைடிலும் பார்த்தேன். சேர்ந்தது. கட்டிலில் படுத்து நர்ஸிடம் கையை நீட்டினேன்.

அவர் பிழைத்தார். அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணம் தள்ளிப்போனது. மாசியில் அத்தை ஒரு புடவையோடு என் அறைக்கு வந்தாள்.

"தாயி, அவன் உடம்புல ஓடுறது உன் ரத்தம். இனிமே நீ அவனுக்குக் கூடப் பொறந்தவ. உங்க ரெண்டு பேருக்கும் எப்படிக் கட்டி வைப்பேன்? பாவமில்லையா?"

"அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது அத்தை. ஏத்துன ரத்தம் கொஞ்ச மாசத்துல அழிஞ்சிரும்."

"நீதான மில் வாசல்ல நின்னு சொன்ன? ஊரே சொல்லுது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. அத்தை அதை உண்மையிலேயே நம்பினாளா, வேறு இடம் பார்த்துவிட்டுச் சாக்குச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. அவர் வந்து மறுத்துச் சொல்வார் என்று பல நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, யாரும் வராத அறையில் ஃபிரிட்ஜுக்குக் காவல் இருந்தேன்.

ஆவணியில் அவருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். கூடப் பிறந்தவள் இல்லாததால், நாத்தனார் முடிச்சுப் போட என்னைத்தான் அத்தை அழைத்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கிருந்த அந்த ஒரு வீடும் இல்லாமல் போய்விடும். போனேன்.

மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். தாலியில் முதல் முடிச்சை அவர் போட்டார். மீதி இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியது. கயிற்றை என் பக்கம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போடு தங்கச்சி" என்றார்.

கெட்டிமேளச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு முடிச்சையும் அவிழாதபடி இறுக்கிப் போட்டேன்.