சென்னிமலை போடாத ஆல்பம்

"ஒன்றரை எச்.பி. மோட்டாருங்களா? அப்ப ரெண்டாவது ஆல்பம் மூணு தடவ ஓடோணும். அதுக்குள்ள பேங்கு, ஆசுபத்திரின்னு எங்கயாச்சும் போறதுன்னாப் போயிட்டு வந்துருங்க."

சென்னிமலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்வதில்லை. கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் சாலையில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. செப்புக் கம்பியைச் சுற்றும்போது டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஆல்பம் ஓடினால் பழைய கம்பியை வெட்டி எடுக்கிறார் என்று பொருள். இரண்டாவது ஓடினால் புதிய காயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு இந்தக் கணக்குப் பழகிவிட்டது. வெளியே பைக்கை நிறுத்தும்போதே காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு பாட்டு இருக்குது" என்று எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பாடுவது 'கணவாய்' என்ற இசைக்குழு. பாலக்காட்டுக் கல்லூரியில் படித்த நான்கு பேர் சேர்ந்து, கணவாய் வழியே வீசும் காற்றை நினைத்து வைத்த பெயர். "மீன் பேராட்ட இருக்குதே" என்று யாராவது சிரித்தால், சிரித்தவருடைய மோட்டார் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். தமிழும் மலையாளமும் கலந்து பாடிய அந்தக் குழு மொத்தம் மூன்றே ஆல்பம் வெளியிட்டது: 'செக்போஸ்ட்', 'ஒற்றைத் தண்டவாளம்', 'மழைமறைவு'. பிறகு கலைந்துவிட்டது.

சென்னிமலைக்கு நாற்பத்தாறு வயது. தினமும் முகச்சவரம். சட்டைப்பையில் டெஸ்டர், காதோரம் பென்சில், விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. கரண்ட் போனாலும் அவர் கை நிற்காது, பாட்டும் நிற்காது. விட்ட இடத்திலிருந்து அவரே பாடுவார். கிட்டார் வரும் இடத்தில் வாயாலேயே கிட்டார் வாசிப்பார். குரல் நன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் 'ஒற்றைத் தண்டவாளம்' என்பார். மற்றவர்கள் எல்லாம் கொண்டாடுவது மூன்றாவதை. அந்தப் பேச்சை எடுத்தால் முகம் கடுத்துவிடும். "மூணாவதுல மிக்சிங் செரியில்லீங்க. டிரம்ஸு தகர டப்பாவத் தட்டுறாப்பல இருக்குது." அவர் கடையில் அந்த ஆல்பம் ஒலித்து இருபத்திரண்டு வருடமாகிறது.

அதற்கு முன் தினமும் ஒலித்தது. அப்போது கடையில் இரண்டு பேர். பிரதீப் அவருடைய பள்ளித் தோழன். காயில் கட்டும் வேலையைச் சென்னிமலையிடம் கற்று, பின்பு கூட்டாளியானவன். இரண்டாவதா மூன்றாவதா என்பது இருவருக்கும் ஓயாத வழக்கு. 'மழைமறைவு' கேசட் போட்டால் பிரதீப் கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவான். "மாப்ள, இந்தப் பாட்டுக்கு வேலை செய்யறது பாவம்டா" என்பான்.

இரண்டாயிரத்து மூன்றில், சித்திரை மாதத்து ஒரு மத்தியானம். கோயமுத்தூரில் 'கணவாய்' பாட வருகிறது. இரண்டு டிக்கெட் எடுத்து, பைக்கையும் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து விவசாயி காளிச்சாமி எரிந்த மோட்டாரோடு வந்து நின்றார். நேந்திரன் வாழை குலை தள்ளும் சமயம், இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. சென்னிமலை மோட்டாரைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார், பிறகு பிரதீப்பிடம் சொன்னார்: "நீ போ மாப்ள. நான் இத முடிச்சுட்டு வாறன்."

பிரதீப் போனான்.

காயிலை முடித்து வார்னிஷ் உலர்த்தும்போது கோயமுத்தூரில் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் பிரதீப் பாடிக்கொண்டே கடைக்கு வந்தான். மூன்றாவது ஆல்பத்தை முழுசாகப் பாடினார்கள் என்றான். இதுதான் எங்கள் கடைசி மேடை என்று பாடகரே அறிவித்ததையும் சொன்னான். சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்க்கப் பார்க்கச் சென்னிமலைக்கு வயிறு எரிந்தது. நான்கு வாடிக்கையாளர் முன்னால், "பாட்டுக்குப் போறவனுக்குத் தொழிலு எதுக்குடா? போய்க் கூத்தாடு போ" என்று கத்தினார்.  கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிரதீப், மத்தியான பஸ்ஸில் ஊரைவிட்டே போய்விட்டான். இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு மோட்டார் பார்க்கிறான் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. இவரும் போகவில்லை, அவனும் வரவில்லை.

இந்த ஆவணியில் 'கணவாய்' மறுபடியும் ஒன்றுகூடுகிறது. பாலக்காட்டுச் சித்தூரில் ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு ஆல்பம் முழுவதும். எது என்பதை ரசிகர்கள் முடிவு செய்ய வேண்டும். முந்நூறு பேர் கொண்ட வாட்ஸாப் குழுவில் பேர், ஊர், ஆல்பம் என்று குரல்பதிவில் சொன்னால் அது ஒரு ஓட்டு. சென்னிமலையை அதில் சேர்த்துவிட்டவர் அவர் மனைவி ஜீவிதா. ஒரு வாரமாகக் கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து, "சித்தூரு கச்சேரிக்கு ரெண்டாவதுதானுங்க போடோணும்" என்று ஓட்டுக் கேட்டார். தன் ஓட்டை மட்டும் இன்னும் போடவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த ஜீவிதா ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க, உங்குளுக்கு ரெண்டாவது புடிக்குதுங்களா? இல்ல, மூணாவது புடிக்கக்கூடாதுங்களா?"

"சோத்தப் போடு" என்றார் சென்னிமலை.

கடைசி நாள் மத்தியானம் குழுவில் ஒரு குரல் வந்தது. கொங்குப் பேச்சில் மலைக்காட்டுத் தமிழ் கலந்திருந்தது.

"எம்பேரு பிரதீப்பு. வண்டன்மேட்டுல இருந்து பேசறேன். ஏலக்கா ஸ்டோர்ல மோட்டாருக்குக் காயில் கட்டறேன். என் ஓட்டு ரெண்டாவதுக்கு. அதப் போட்டு வெச்சுத்தான் ஒருத்தன் எனக்குத் தொழில் கத்துக்குடுத்தான். மூணாவது… நல்ல ஆல்பந்தான். அதக் கேக்கறதுக்கு ஒருத்தன விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. போயிட்டேன். ஓட்டு ரெண்டாவதுக்கு."

சென்னிமலை அதை மூன்று தடவை கேட்டார். பிறகு ஜீவிதாவிடம், "பொய் சொல்றாம் பாரு. அவனுக்கு மூணாவதுதான் உசுரு" என்றார்.  கம்பிச்சுருளைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாந்தான் போன்னு சொன்னேன் ஜீவிதா. நீயில்லாம எப்படிடா போறதுன்னு அவஞ்சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லாமப் போயிட்டான். அவ்வளவுதான். அதுக்குப்போயி அத்தன பேரு முன்னால…"

"இத்தன வருசத்துல எங்கிட்டக்கூட இதச் சொல்லலீங்களே" என்றார் ஜீவிதா.

சென்னிமலை எழுந்து அலமாரியின் மேல்தட்டைத் துழாவினார். 'மழைமறைவு' கிடைத்தது. ஒரு தடவை உதறி, நாடாவின் தொய்வைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, டேப்பில் போட்டார். நாடா சற்று இழுத்து அழுதுவிட்டு ஓடத் தொடங்கியது. டிரம்ஸ் வந்தது. தகர டப்பா மாதிரி இல்லை. தொலைவில், கொல்லங்கோட்டு மலைக்குப் பின்னால் இடி உருளுவது போல இருந்தது. அந்தச் சத்தம் அவருக்கு எப்போதும் பிடிக்கும். அதை ஜீவிதாவிடம் சொல்லவும் செய்தார்.

வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். பழகாத பாட்டு. என்ன வேலை நடக்கிறது, எவ்வளவு நேரமாகும் என்று புரியாமல் அங்கேயே நின்றார்.

சென்னிமலை பாட்டை முதலுக்குத் திருப்பினார். போனை எடுத்து, குழுவைத் திறந்து, ஒலிவாங்கிப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். "சென்னிமலை, கொழிஞ்சாம்பாறை. மூணாவது" என்றார். ஓட்டுக்கு அவ்வளவு போதும். ஆனால் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கையால் டேப்பை ஓடவிட்டு, போனை ஸ்பீக்கரின் அருகில் நீட்டி, பாட்டு முழுவதும் முடியும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.